கேமராவைப் பார்க்காத அம்மா

அம்மா,

இதை யாரிடமும் காட்டிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உன்னிடம் போய் இப்படிக் கேட்பது கிறுக்குத்தனம்தான். நீ இனி யாரிடம் காட்டப் போகிறாய்? ஆனாலும் இதைச் சொல்லாமல் எழுதத் தொடங்கக் கை வரவில்லை. அப்பா ஹாலில் படுத்திருக்கிறார். தூங்கிவிட்டாரா, விழித்துக்கொண்டு கிடக்கிறாரா என்று தெரியவில்லை. விளக்கைப் போட்டால் கதவுக்கு அடியில் வெளிச்சம் போகும். அதனால் உன் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

உன் போன்தான் என்னை எழுப்பியது. தலையணைக்கு அடியில் அதிர்ந்தது. உன் கணவாய் மீன் பாட வீடியோவுக்குக் கீழே ஒரு மாணவி கேள்வி கேட்டிருக்கிறாள். காயல்பட்டினத்தில் கல்யாணமாகி, கைக்குழந்தையோடு டிகிரி படிக்கிறவள். முன்பும் இரண்டு மூன்று முறை எழுதியிருக்கிறாள். "மேடம், புள்ள தூங்குற நேரம்தான் எனக்கு காலேஜ்" என்று ஒரு முறை எழுதியிருந்தாள். இன்று இப்படிக் கேட்டிருக்கிறாள்: "கணவாய்க்கு ரத்தம் நீலம்னு சொன்னீங்க மேடம். வீட்ல அறுத்துப் பாத்தா நீலத்தையே காணோம். ஏன்? நீங்க ஒருக்கா கூட பதில் சொன்னதில்ல. இதுக்காவது சொல்லுங்க."

ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பதில் எழுதியிருப்பாய்.

நீ செத்துப்போனது அவளுக்குத் தெரியாது அம்மா. நீ வேலை பார்த்த கல்லூரியில் உன் பாடத்தைப் பார்க்கிற பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளுக்கு உன் வீடியோ லிங்க்கை அனுப்புகிறார்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். நீ பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்கிறார்கள்.

ஊரடங்கில் கல்லூரியைப் பூட்டியதும், எல்லா ஆசிரியர்களும் வீட்டிலிருந்தே பாடத்தை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று சொன்னார்களே, நினைவிருக்கிறதா? நான் அப்போது எட்டாம் வகுப்பு. எனக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. அதனால் உனக்குக் கேமராக்காரி நான். பின்னால் கொடிக்கயிற்றில் நீலப் போர்வையைத் தொங்கவிட்டோம். நைட்டிக்கு மேலேயே சேலையைச் சுற்றி, இடுப்புக்கு மேலே மட்டும் கல்லூரிக்குப் போகிற மாதிரி நின்றாய். "கீழ எறக்கிராதளா, மானம் போயிரும்" என்றாய். முதல் பாடத்தை முழுவதும் எடுத்து முடித்துப் போட்டுப் பார்த்தால், காற்றாடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. உன் வாய் அசைந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். அதற்குப் பிறகு காற்றாடியை அணைத்துவிட்டுத்தான் பாடம். எல்லா வீடியோவிலும் உன் நெற்றியில் வேர்வை வழியும்.

துறைமுகத்துக்கு நிலக்கரி லாரி போகும்போது சொல் பாதியில் நிற்பாய். லாரி கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாய். அதை வெட்டக் கூடாது என்பாய். "முத்தையாபுரத்துல பாடம் எடுத்தா முத்தையாபுரம் கேக்கத்தான் செய்யும்."

கல்லூரியில் அறுத்துக் காட்ட எல்லாம் இருக்கும். வீட்டில் என்ன இருக்கிறது? தெருவில் வருகிற மீன்காரம்மாவிடம் கணவாய் வாங்கினாய். காய் நறுக்குகிற பலகையில் வைத்து, பிளேடால் நீளவாக்கில் கீறி, ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டினாய். "இது மைப்பை. இது செவுள். இந்தா, இதுதான் இதயம்." பாடம் முடிந்ததும் அதே கணவாய் அடுப்புக்குப் போனது. எனக்குப் பசி. "சீக்கிரம் முடிம்மா" என்று நான் முனகியது இப்போதும் அந்த வீடியோவில் கேட்கிறது. நீ கேமரா இருப்பதை மறந்து, "பாடம் முடிஞ்சாத்தாம்ளா கொழம்பு" என்றாய். அந்த இடத்தைச் சொல்லி வீடியோவுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் சிரித்து வைத்திருக்கிறார்கள் தெரியுமா?

உன்னால் செய்ய முடியாதது ஒன்றே ஒன்றுதான். கேமராவைப் பார்த்துப் பேச வரவில்லை. எத்தனை தடவை சொன்னாலும் கண் மேலே ஏறிவிடும். போனுக்குப் பின்னால் நின்ற என் முகத்தைத்தான் பார்ப்பாய். உன் விலங்கியல் துறைத்தலைவர் போனில் கூப்பிட்டு, "மேடம், ஸ்டூடண்ட்ஸ்கிட்டப் பேசுத மாதிரியே இல்ல. எங்கயோ பாக்குதீங்க" என்று குறை சொன்னார். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாய்: "அந்தக் கண்ணாடிச் சில்லப் பாத்து எப்படிளா பாடம் எடுக்க? ஆளப் பாத்தாத்தான் எனக்கு வாய் வரும்."

எனக்குப் புரியாவிட்டால் நெற்றி சுருங்கும். நீ உடனே நிறுத்திவிட்டு வேறு மாதிரி சொல்வாய். கணவாய்க்கு மூன்று இதயம் எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. நீ இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தாய். பிறகு, "நம்ம வீட்டுத் தண்ணி மோட்டார் இருக்குல்லா? அது மாதிரி ஒடம்புக்கெல்லாம் ஒரு பெரிய மோட்டாரு. செவுளு ரெண்டு இருக்கு. அதுக்கு ஆளுக்கொரு சின்ன மோட்டாரு. புரிஞ்சிட்டா?" என்றாய். என் நெற்றி விரிந்தது. நீ அடுத்ததுக்குப் போனாய். கல்லூரிப் பிள்ளைகளுக்கு எடுத்த பாடம்தான். ஆனால் ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற வரை நீ நகரவே இல்லை. அதனால்தான் மற்ற சார்களின் வீடியோவையெல்லாம் விட்டுவிட்டு உன்னுடையதையே பார்த்தார்கள். வேறு கல்லூரிப் பிள்ளைகள்கூட லிங்க்கைக் கேட்டு வாங்கினார்கள்.

நன்றாக எடுத்ததுதான் உனக்கு வினையானது.

கல்லூரி திறந்தார்கள். உன்னைப் போன்ற கெஸ்ட் லெக்சரர்களை அந்த வருஷத்துக்கு மறுபடி எடுக்கிற நேரம் வந்தது. நீ புதுச் சேலை கட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினாய். மத்தியானமே திரும்பி வந்து, பையை மடியிலிருந்து இறக்காமல் கட்டிலில் உட்கார்ந்தாய். அப்பா என்ன என்று கேட்டார். துறைத்தலைவர் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாய்: "உங்க பாடம் பூராத்துக்கும் வீடியோ இருக்கே மேடம். பசங்களும் அதத்தான் விரும்புதாங்க. இந்த வருஷம் அவசியப்படாது."

நீயே சிரித்தாய். "எனக்குப் போட்டியா வேற யாரும் வரலங்க. நானே வந்துட்டேன்."

அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. அதில் சிரிப்பே இல்லை.

அப்போதுதான் நான் உன்னிடம் கேட்டேன், வீடியோவில் நீ சொல்வதும் வகுப்பில் நீ சொல்வதும் ஒன்றுதானே என்று. "வீடியோ சொல்லும்ளா. கேக்காது" என்றாய். "மறுபடி பாக்கதுக்கு நல்லது. வகுப்புக்கு வர முடியாத புள்ளைக்கு நல்லது. ஆனா நெத்தி சுருங்குனா அதுக்குத் தெரியாதுல்லா?"

பிறகு நீ இறால் ஏற்றுமதிக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாய். ஐஸில் கை வெளுத்து, குளோரின் வாடையோடு வருவாய். வந்ததும் வராததுமாகப் போனை எடுப்பாய். "எவளாவது கேட்டிருக்காளான்னு பாரு." நான் வாசிப்பேன், நீ சொல்லச் சொல்ல நான் பதில் அடிப்பேன். வேலையை விட்டு எடுத்தவர்களுக்கு நீ ஏன் இன்னும் உழைக்கிறாய் என்று அப்பா சத்தம் போட்டார். "அவங்களுக்கா எழுதுதேன்? புள்ள கேட்டிருக்கு. பதில் சொல்லாம எப்படிச் சாப்பிட?" என்றாய். டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் எழுதினாய். அதோடு எல்லாம் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏறும்போது போனை என் கையில் கொடுத்தாய். இன்னும் என் கையில்தான் இருக்கிறது. அதற்குத்தான் இப்போது ஆபத்து.

போன வாரம் துறைத்தலைவர் நம் வீட்டுக்கு வந்தார். உன் சாவுக்கு வராதவர் ஆப்பிள் பையோடு வந்தார். நான் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு அடுக்களை வாசலில் நின்றேன்.

"அண்ணாச்சி, மேடம் வீடியோ இல்லன்னா எங்க டிபார்ட்மெண்டே இல்ல" என்றார்.

அப்பா தலையைத் தடவிக்கொண்டார். "அவளும் ராத்திரி பகலாத்தான் சார் எடுத்தா."

"காலேஜ்ல புது ஸ்மார்ட் கிளாஸ் கட்டியாச்சு. பெரிய திரை. மேடம் பாடத்த அதுல போடப் போறோம். ஆனா அது மேடத்தோட சொந்த அக்கவுண்ட்ல கெடக்கு. பாஸ்வேர்டக் கொடுத்திட்டீங்கன்னா ஒரிஜினல நாங்க எடுத்துக்கிடுவோம். லாரிச் சத்தம், கொழம்புப் பேச்சு எல்லாத்தையும் வெட்டி, காலேஜ் முத்திரையப் போட்டுருவோம்."

"பாடத்திட்டம் மாறிட்டுன்னு சொன்னாங்களே சார்?"

"அதுக்கும் வழி இருக்கு அண்ணாச்சி. இப்பம் கம்ப்யூட்டர்ல எல்லாம் முடியும். புதுப் பாடத்த எழுதிக் கொடுத்தாப் போதும், மேடம் குரல்லயே பேசிரும். ஒதடும் ஒத்துப்போவும். மேடம் கேமராவப் பாக்காமப் பேசுவாங்கல்லா? அந்தக் கண்ணையும் நேரா இருக்க மாதிரி திருப்பிரலாம்."

அப்பா மெதுவாக, "அவ சொல்லாததையும் சொல்ல வைக்குமோ?" என்று கேட்டார்.

"சொல்லாததுன்னு என்ன அண்ணாச்சி? சிலபஸ்ல உள்ளதத்தான். பாப்பா பிளஸ் டூ தான? நம்ம டிபார்ட்மெண்ட்லயே சீட்டு. நான் பாத்துக்கிடுதேன்."

அவர் போன பிறகு அப்பாவின் முகத்தில் வெகுநாள் கழித்து வெளிச்சம் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவர் என்னை விற்கவில்லை அம்மா, உன்னையும் விற்கவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். "அம்மாவே ஒனக்குப் பாடம் எடுப்பா. எந்தப் புள்ளைக்குளா இப்பிடிக் கெடைக்கும்?" என்று என் தோளைத் தொட்டார்.

அந்த அறையை நான் கற்பனை செய்து பார்த்தேன். ஏசி போட்ட இருட்டு. சுவர் அளவுக்கு நீ. நெற்றியில் வேர்வை இல்லை, துடைத்திருப்பார்கள். வெளியே லாரியே ஓடாத ஊரில் இருந்து பேசுகிறாய். நீ சொல்லாத பாடத்தை உன் குரல் சொல்கிறது. உன் கண் நேராக இருக்கிறது. அதாவது, என்னைப் பார்த்த கண்ணைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைச் சுருக்குகிறேன். நீ நிறுத்தாமல் பேசிக்கொண்டே போகிறாய்.

பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது என்று அப்பாவிடம் சொன்னேன். "பொய் சொல்லாத. அவ போனு ஒங்கிட்டதான கெடக்கு" என்றார். அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். இன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல் கேட்டார். "நாளைக்குக் காலையில சார் வாராரு. எழுதி டிவி மேல வை. வைக்கலன்னா போன அவருகிட்டயே கொடுத்திருவேன், அவங்களே தொறந்துக்கிடட்டும்." அப்பா என்னை அடித்ததே இல்லை. ஆனால் நீ போன பிறகு அவர் கோபம் வேறு மாதிரி. சத்தம் வராது. சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். இன்று அப்படித்தான் படுத்திருக்கிறார். தட்டு மூடியபடி இருக்கிறது.

முதலில் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். விரல் அந்த இடம் வரைக்கும் போனது. அழித்துவிட்டால் அவர்களுக்கு எதுவும் கிடைக்காது. ஆனால் எனக்கும் கிடைக்காது. காயல்பட்டினத்து அக்காவுக்கும் கிடைக்காது. அவளுக்குப் பரீட்சை வருகிறது. அவள் என்ன பாவம் செய்தாள்? அவளும் என்னைப் போல உன்னைப் போனில்தான் பார்க்கிறாள்.

அப்புறம் அவள் கேள்வியையே திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்க ஒருக்கா கூட பதில் சொன்னதில்ல. யோசித்துப் பார்த்தால் கல்லூரிக்காரர்களுக்கு வேண்டியது வீடியோ மட்டும் இல்லை. நீ உயிரோடு இருப்பதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருப்பதும் வேண்டும். அப்போதுதான் உன் குரலில் புதுப் பாடம் சொல்ல முடியும். ஆள் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். புது ஆளை எடுக்கவும் வேண்டாம்.

அதனால் கணவாய்ப் பாடத்துக்குக் கீழே இப்படி எழுதினேன்.

"இந்தப் பாடத்தை எடுத்தவர் என் அம்மா. அவர் இறந்துவிட்டார். அதனால்தான் உங்களுக்குப் பதில் வரவில்லை. உங்கள் மேல் அக்கறை இல்லாமல் அல்ல. இனிமேல் இந்தக் குரலில் புதிய பாடம் எதுவும் வந்தால் அது அவர் பேசியது அல்ல. வீடியோவைப் பாருங்கள். ஆனால் சந்தேகம் கேட்க உயிரோடு ஒரு ஆசிரியர் வேண்டும் என்று உங்கள் கல்லூரியில் கேளுங்கள்."

இரண்டு முறை தப்பாக அடித்து அழித்தேன். பிறகு நண்டுப் பாடத்துக்குக் கீழே, சங்குப் பாடத்துக்குக் கீழே, ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் கீழே அதையே போட்டேன். உன் பாஸ்வேர்டை மாற்றினேன். புதியதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அக்கவுண்டிலிருந்து வெளியே வந்துவிட்டேன். இனி இந்தப் போனை அவரிடம் கொடுத்தாலும் ஒன்றும் திறக்காது. எனக்குச் சீட்டும் கிடைக்காது. அப்பா முகத்தில் வந்த வெளிச்சமும் போய்விடும். அது தெரிந்துதான் செய்தேன்.

அக்கவுண்டை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் காயல்பட்டினத்து அக்காவிடமிருந்து பதில் வந்தது. "இன்னா லில்லாஹி. ஏம்மா, நான் ஒங்கம்மாவப் பெருமக்காரின்னுல்லா நெனச்சிருந்தேன். கேட்டாப் பதில் சொல்லவே மாட்டாங்கன்னு எங்க கிளாஸ் குரூப்ல ஏசியிருக்கேன். அல்லாஹ்வுக்காக மன்னிச்சிரு. இத நான் குரூப்ல போடட்டுமா? சார்மாரும் அதுல இருக்காங்க. ஒனக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

ஒன்றும் ஆகாது என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. "போடுங்க அக்கா" என்று மட்டும் எழுதினேன்.

அம்மா, அந்தக் கல்லூரிக்காரர்களுக்குத் தெரியாத ஒரு பாடம் என்னிடம் இருக்கிறது. ஒரு நாள் மீன்காரம்மா கணவாயோடு சிப்பிகளும் கொடுத்தாள். நீ அதை வைத்து ஒரு முழுப் பாடம் எடுத்தாய். நல்ல வெயில், காற்றாடி இல்லை, சேலை முதுகில் ஒட்டிக்கொண்டது. முடித்துவிட்டுப் பார்த்தால் போனில் இடம் நிறைந்து, தொடங்கிய உடனே பதிவு நின்றுபோயிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "போவட்டும். நீ கேட்டேல்லா? அது போதும்" என்றாய். மறுநாள் சிப்பி கிடைக்கவில்லை. அந்தப் பாடம் வீடியோவாக வரவே இல்லை. உலகத்தில் அதைக் கேட்டவள் நான் மட்டும்தான்.

அதில் நீ சொன்னது வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது. தட்டில் ஒரு சிப்பி வாய் பிளந்து கிடந்தது. நான் அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். நீ வாங்கவில்லை. "அது செத்தது. தூரப் போடு. சிப்பி தொறந்து கெடக்கதுக்கு ஒரு பலமும் வேண்டாம்ளா. அதோட மூட்டு தானாத் தொறந்துக்கிடும். மூடி வச்சிருக்கதுக்குத்தான் பலம் வேணும். உசுரு இருக்க வரைக்கும் உள்ள இருந்து இழுத்துப் பிடிச்சிக்கிட்டு இருக்கும்." என்னை ஒரு மூடிய சிப்பியைப் பிரித்துப் பார்க்கச் சொன்னாய். இரண்டு கையாலும் இழுத்தேன். முடியவில்லை. இத்தனைக்கும் அது என் உள்ளங்கையில் பாதிதான் இருந்தது.

ஹாலில் அப்பாவின் போன் அடிக்கிறது. இந்த நேரத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள். எடுத்துவிட்டார். "சொல்லுங்க சார்" என்கிறார். பிறகு சத்தம் இல்லை. "குரூப்லயா? என்ன போட்டிருக்கு சார்?" மறுபடி சத்தம் இல்லை. "எம்மவளா?"

கட்டில் கிறீச்சிடுகிறது. எழுந்துவிட்டார். என் கதவுப் பக்கம் வருகிறார்.

தட்டுகிறார் அம்மா. "ஏளா, தொற. அந்தப் போன இங்கன கொடு."

மறுபடியும் தட்டுகிறார். ஒன்றும் திறக்காதுதான். ஆனாலும் நீ என் கையில் கொடுத்த போன் இது, நான் கொடுக்க மாட்